கடுகண்ணாவையில் ஏறாத விலை

கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி வழியாக ஏறத்தாழ 115 கிலோமீற்றர். மாவனல்லை தாண்டும் வரை ஏற்றம் பெரிதாகத் தெரியாது. அதற்குப் பிறகு கடுகண்ணாவைக் கணவாய் தொடங்குகிறது. சீமெந்தும் சீனியும் பால்மாவும் ஏற்றிய லொறிகள் அங்கே முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுகின்றன. பின்னால் பஸ்களும் ஆட்டோக்களும் வரிசை கட்டி நிற்கின்றன. உச்சியில் கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் நிற்கிறது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் இந்த வீதியை அமைத்த பொறியியலாளர் அவர். கோபுரம் 1832இல் எழுந்தது. இந்த ஏற்றத்தைப் பார்த்தவர்கள் கண்டிக் கடைகளின் விலைக்கு மலையையே காரணம் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது உண்மை. காப்பித் தோட்டங்களுக்கு அரிசியைக் கொண்டுவந்ததும் காப்பியைக் கொழும்புக்குக் கொண்டுபோனதும் மாட்டு வண்டிகள். வண்டிக்கூலி தோட்டக்காரர்களின் கழுத்தை நெரித்தபடியால்தான் ரயில் பாதைக்காக அவர்கள் வருடக்கணக்கில் மன்றாடினார்கள். 1867இல் ரயில் கண்டிக்கு வந்து சேர்ந்தது. இன்று அந்தக் காரணம் செல்லாது. பொதி செய்த பொருள்களில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்க வேண்டும், அதற்கு மேல் விற்கக் கூடாது என்பது சட்டம். புறக்கோட்டைக் கடையிலும் கண்டி கொழும்பு வீதிக் கடையிலும் ஒரே சவர்க்காரத்தில் ஒரே விலைதான் அச்சாகியிருக்கிறது. கணவாய் ஏறும் செலவு அந்த விலைக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சிறியது. ஆகவே, வெளிநாட்டில் மலிவாகக் கிடைப்பது இங்கே ஏன் இவ்வளவு விலை என்ற கேள்விக்கு விடையை மலையில் தேடிப் பயனில்லை. இந்தப் பயணம் தொடங்கிய துறைமுகத்தில்தான் தேட வேண்டும்.

கண்டி நகரத்துக்குள் ஒரு மணி நேரம் நடந்தால் விலைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பது தெரியும். மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றியுள்ள பஸ் தரிப்பிடங்கள், மத்திய சந்தை, தலதா வீதி, யட்டிநுவர வீதி, கொழும்பு வீதி எல்லாம் நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரம். முடி வெட்டக் கூலி குறைவு. பஸ் கட்டணம் குறைவு. தையல்காரருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் கொடுப்பது குறைவு. பருவத்தில் சந்தை வாசலில் குவியும் றம்புட்டானும் மங்குஸ்தானும் மலிவு. இதே தெருக்களில் ஷாம்பு, பற்பசை, பிள்ளைகளின் சப்பாத்து, கைத்தொலைபேசி, மின்விசிறி, குளியலறைத் தரை ஓடு ஆகியவற்றின் விலையைக் கேட்டால் வேறொரு நாட்டுக்குள் கால் வைத்தது போலிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஓர் இந்திய ரூபாவுக்கு மூன்றரை இலங்கை ரூபா என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, பல பொருள்கள் தங்கள் ஊரை விடக் கூடுதல் விலை என்பதைக் கண்டு வியக்கிறார்கள். கையால் செய்யும் வேலையும் இந்த மண்ணில் விளைவதும் ஏழை நாட்டு விலையில் இருக்கின்றன. கடல் தாண்டி வந்தவையும், அவற்றோடு போட்டியில்லாமல் உள்ளூரில் செய்யப்படுபவையும் பணக்கார நாட்டு விலையில் இருக்கின்றன. முடி வெட்டுகிறவர் தன் கூலியை முதல் வகை விலையில் வாங்கி, வீட்டுச் சாமானை இரண்டாவது வகை விலையில் வாங்குகிறார். இந்த விலைவாசியின் கொடுமை முழுவதும் இந்த ஒரு மனிதரின் கணக்கிலேயே இருக்கிறது.

இறக்குமதியான போத்தல் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டப்பட்டிருக்கும். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, காலாவதித் திகதி, ரூபாவில் விலை எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். அந்த விலைக்குள் அரசுக்கு எவ்வளவு போனது என்பது மட்டும் இருக்காது. அதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். கப்பற்கூலியும் காப்புறுதியும் சேர்த்துத் துறைமுகத்தில் இறங்கும்போது 100 ரூபாப் பெறுமதியான ஒரு பொருள் என்று வைத்துக்கொள்வோம். சுங்கத் தீர்வை 20 சதவீதம் என்றால் 20 ரூபா. துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி 10 ரூபா. செஸ் வரி 30 சதவீதம் என்றால், அதை 100க்கு மேல் கணக்கிடுவதில்லை. பொருளின் பெறுமதியோடு பத்து வீதத்தைக் கூட்டி 110க்கு மேல் கணக்கிடுவார்கள். அது 33 ரூபா. அந்த 110உடன் இந்த மூன்று வரிகளையும் கூட்டிய தொகையின் மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத பெறுமதி சேர் வரி, அதாவது வற் வரி, கிட்டத்தட்ட 31 ரூபா. அதே தொகையின் மேல் இரண்டரை சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, நான்கு ரூபாவுக்குச் சற்று மேல். ஆக, 100 ரூபாப் பொருள் துறைமுக வாசலைத் தாண்டும்போது ஏறத்தாழ 198 ரூபா. இனி இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் மூவரும் தங்கள் இலாபத்தை இந்த 198இன் மேல்தான் வைப்பார்கள், ஏனென்றால் அவர்கள் முதலீடாகப் போட்ட பணம் அதுதான். எல்லாப் பொருளுக்கும் செஸ் இல்லை. பல மூலப்பொருள்களுக்குத் தீர்வையே இல்லை. ஆனால் வீட்டுப் பாவனைப் பொருள்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கை ஒட்டியே நடக்கின்றன. சனிட்டரி நாப்கின்கள் மேல் விழுந்த வரிகளின் கூட்டு 2018 வரை நூறு சதவீதத்தைத் தாண்டியிருந்தது. செஸ்ஸை நீக்கிய பிறகும் அது அறுபதை ஒட்டி நின்றது.

துறைமுகத்தை வைத்திருப்பவர் மலையின் விலையைத் தீர்மானிப்பது கண்டிக்குப் புதிதல்ல. கண்டி இராச்சியத்துக்கு நெல்லும் பாக்கும் ஏலமும் சொந்தமாக இருந்தன. உப்பும் கருவாடும் இல்லை. அவை கரையோரத்திலிருந்து வர வேண்டும். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் கண்டியை வாட்ட நினைத்தபோதெல்லாம் கை வைத்தது உப்பு வழியில்தான். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1766இல் ஒல்லாந்தருடன் செய்துகொண்ட உடன்படிக்கையில் கரையோரம் முழுவதையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. சிலாபத்திலும் புத்தளத்திலும் கண்டி மக்கள் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகை அதே உடன்படிக்கையில் எழுதப்பட்டது. அந்த இரண்டு ஊர்ப் பெயர்களும் மலைநாட்டுச் சமையலறைக்கு அவ்வளவு முக்கியம். ஆங்கிலேயர் காலத்தில் இதே நிலை வேறு வடிவில் தொடர்ந்தது. காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் உண்டது இறக்குமதி அரிசி, அதற்குத் துறைமுகத்தில் வரி. உள்ளூர் விவசாயிக்கு நெல் வரி. அதைக் கட்ட முடியாத வலப்பனைப் பகுதி விவசாயிகள் 1880களில் தங்கள் வயல்களை இழந்தார்கள். 1892இல் நெல் வரி ஒழிக்கப்பட்டது, இறக்குமதி அரிசி மீதான வரி அப்படியே நின்றது. குரல் கொடுக்க ஆள் இருந்தவர்களின் வரி போனது. தோட்டத்து லயக் குடியிருப்புகளில் இருந்தவர்களின் வரி நீடித்தது. வருமானத்தைத் தேடிப் போய் வரி வசூலிப்பது கடினம், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை நிறுத்தி வசூலிப்பது சுலபம் என்று அன்றைய அரசு கண்டுகொண்டது. இன்றைய அரசும் அதே சுலபத்தையே நம்பியிருக்கிறது என்பதுதான் என் வாதம்.

இதற்கு நம் காலத்தில் நடந்த மிகத் தெளிவான சாட்சி மஞ்சள். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இலங்கை தனக்குத் தேவையான மஞ்சளில் பெரும்பகுதியை இந்தியாவிலிருந்து வாங்கி வந்தது. 2019 இறுதியில் தொடங்கிய கட்டுப்பாடு 2020இல் முழுத் தடையாக மாறியது. உள்ளூர் விவசாயியை உயர்த்துவது, டொலரைச் சேமிப்பது ஆகிய இரண்டும் காரணமாகச் சொல்லப்பட்டன. அதே 2020 ஏப்ரலில் மஞ்சள் தூளுக்குக் கிலோ 750 ரூபா என்று அதிகபட்ச விலை அறிவிக்கப்பட்டது. அந்த விலையில் மஞ்சள் எங்கேயும் கிடைக்கவில்லை. சில மாதங்களில் சந்தையில் கிலோ மூவாயிரம் ரூபாவைத் தாண்டியது. அதே நேரத்தில் ஈரோட்டு மஞ்சள் சந்தையில் மொத்த விலை கிலோவுக்கு நூறு இந்திய ரூபாவுக்கும் குறைவு. அன்றைய மாற்று வீதத்தில் 250 இலங்கை ரூபாவைக்கூட எட்டாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் சுமார் 30 கிலோமீற்றர்தான். அந்தச் சிறிய நீர்ப்பரப்பின் இரு கரையிலும் ஒரே பொருளுக்குப் பத்து மடங்குக்கு மேல் விலை வித்தியாசம் இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து படகுகளில் மஞ்சள் மூட்டைகள் கிளம்பின. மன்னாரிலும் கற்பிட்டியிலும் கடற்படை அவற்றைத் தொன் கணக்கில் கைப்பற்றியது. தங்கமும் போதைப்பொருளும் கடத்திய வழியில், ரசத்துக்கும் பருப்புக்கும் போடுகிற மஞ்சள் கடத்தல் பொருளாகிப் போனது. கடைகளில் விற்ற தூளில் அரிசி மாவும் கோதுமை மாவும் சாயமும் கலந்திருப்பதைச் சோதனைகள் கண்டுபிடித்தன.

மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கத்து விவசாயிகள் இதனால் பயன் பெறவில்லையா என்று கேட்பது நியாயம். பெற்றார்கள். வீட்டுத் தோட்டங்களில்கூட மஞ்சள் நட்டார்கள், விளைச்சல் கூடியது, முதல் அறுவடைகளுக்கு நல்ல விலை கிடைத்தது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆனால் விதைக்கிழங்கின் விலையும் சேர்ந்தே ஏறியது. மஞ்சள் விளைய எட்டு ஒன்பது மாதம் பிடிக்கும்; தடை ஓர் இரவில் வந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் நாட்டின் ஒவ்வொரு சமையலறையும் பல மடங்கு விலை கொடுத்தது. அந்தப் பணத்தில் விவசாயியின் கைக்கு வந்தது ஒரு பங்கு. பதுக்கியவருக்கும் கலப்படம் செய்தவருக்கும் கடத்தியவருக்கும் போனது இன்னொரு பங்கு. அரசுக்கு எதுவுமே வரவில்லை, ஏனென்றால் தடை செய்த பொருளுக்கு வரி வசூலிக்க முடியாது. விவசாயியைத் தாங்க வேண்டும் என்றால் விதையும் கடனும் நேராக அவர் கையில் கொடுத்து, இறக்குமதியைப் படிப்படியாகக் குறைத்திருக்கலாம். அது அரசின் வரவு செலவுக் கணக்கில் தெரியும் செலவு. தடையின் செலவு எந்தக் கணக்கிலும் தெரியாமல் வீட்டுக்கு வீடு பிரிந்து போய்விட்டது. ஆள்வோருக்குத் தடை பிடித்துப் போவதற்குக் காரணம் இந்தத் தெரியாமைதான்.

விலை ஏறினால் மக்கள் முதலில் குறை சொல்வது வியாபாரியை. மலையகத்திலும் சரி, கண்டி நகரத்திலும் சரி, அந்தக் கோபம் சில வேளை இனக் கோபமாகவும் திரும்பியிருக்கிறது என்பதால் இந்தக் குற்றச்சாட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் பருப்புக்குக் கிலோ 65 ரூபா, டின் மீனுக்கு 100 ரூபா என்று அரசு விலை விதித்தது. அந்த விலைக்கு இறக்குமதி செய்ய முடியாது என்பதால் பருப்பு கடைகளிலிருந்து மறைந்தது. ஏப்ரல் முடிவதற்குள் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. 2021 அக்டோபரில் பால்மா, கோதுமை மா, சமையல் எரிவாயு, சீமெந்து ஆகியவற்றின் கட்டுப்பாட்டு விலைகளையும் நீக்க வேண்டி வந்தது. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்தில் பத்துப் பலசரக்குக் கடைகள் போட்டி போடும் கண்டியில், சில்லறைக் கடைக்காரர் மட்டும் தனியாக விலையை ஏற்றிவிட முடியாது. மேலே இருக்கும் இறக்குமதியாளர்களின் கதை வேறு. 2020 அக்டோபரில் சீனிக்கான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அரசு இழந்த வருமானம் ஆயிரத்து ஐந்நூறு கோடி ரூபாவுக்கு மேல். அதற்கு ஏற்றபடி கடையில் விலை இறங்கவில்லை. வரியைக் குறைத்தால் விலை குறையும் என்ற என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்று இது. இதைத் தாண்டிப் போகக் கூடாது.

சீனி விலை ஏன் இறங்கவில்லை? இறக்குமதி சிலர் கையில் இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நடைமுறையில் இருந்த காலம் என்பதால், புதிதாக ஒருவர் நினைத்த மாத்திரத்தில் கப்பலில் சீனி கொண்டுவந்து குறைந்த விலைக்கு விற்க வழியில்லை. வரியாகப் போன பணம் இலாபமாக மாறியது, அவ்வளவுதான். ஆகவே வரிக் குறைப்போடு சேர்ந்து போட்டியும் வர வேண்டும். இலங்கையின் சட்டம் இந்த இடத்தில் பின்னோக்கிப் போயிருக்கிறது. 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஏகபோகங்களையும் நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவதையும் விசாரிக்க அதிகாரம் தந்தது. 2003இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வந்தபோது அந்தப் பழைய சட்டம் நீக்கப்பட்டது. ஏகபோகத்தையும் இணைப்பையும் பற்றிய அதிகாரம் புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. அதிகார சபையின் அதிகாரிகள் கண்டிச் சந்தையில் ஒரு சிறு கடைக்காரர் விலைப்பட்டியல் தொங்கவிடவில்லை என்று வழக்குப் போடலாம். ஒரு பொருளின் இறக்குமதியை இரண்டு மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டால் கேட்க அவர்களிடம் கருவி இல்லை. வியாபாரியைத் திட்டுவதில் உண்மை இருக்கிறது, ஆனால் திட்டு தவறான வியாபாரியின் தலையில் விழுகிறது.

டொலரும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவை ஒட்டியிருந்தது. மே மாதத்தில் 360ஐ எட்டியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. நியூசிலாந்திலிருந்து வரும் பால்மாவின் விலையில் பெரும்பகுதி இந்த ரூபா வீழ்ச்சியின் விலை. 400 கிராம் பைக்கற் ஒன்று ஆயிரம் ரூபாவை ஒட்டி விற்க, 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அன்று ஒரு பைக்கற் பால்மா முக்கால் நாள் உழைப்பாக இருந்தது. ஆனால் ரூபா விழுந்தது வானத்திலிருந்து வந்த விபத்தல்ல. டொலரைச் சேமிக்க என்று 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தொடர்ந்து தரை ஓடு முதல் பல பொருள்களையும் நிறுத்தினார்கள். 2019 முடிவில் 760 கோடி டொலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2021 முடிவில் 310 கோடியாகச் சரிந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவிக்க நேர்ந்தது. தடைகள் டொலரைக் காப்பாற்றவில்லை. பழைய சிறிய கார் ஒன்றின் விலை, அது புதிதாக வாங்கப்பட்ட விலையைத் தாண்டியதுதான் மிச்சம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. அப்போதும் சிறிய கார் ஒன்றுக்கான வரி பல வேளைகளில் காரின் இறக்குமதிப் பெறுமதியை விஞ்சியது.

இந்த வரியில்தானே இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் நடக்கின்றன என்ற மறுப்புக்கு நான் மிகுந்த மரியாதை கொடுக்கிறேன். கொழும்பிலிருந்து கண்டிக்குள் நுழைபவர்கள் 1952இலிருந்து பல்கலைக்கழக வளாகம் இயங்கும் பேராதனையைக் கடந்துதான் வருகிறார்கள். நகருக்குள் கண்டி தேசிய வைத்தியசாலை இருக்கிறது. மலையகத்தின் எந்த மூலையிலிருந்து வரும் நோயாளியும் பணம் கட்டாமல் அங்கே சிகிச்சை பெறுகிறார். இவற்றுக்குப் பணம் வேண்டும், வரி வேண்டும். வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1990இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 19 சதவீதமாக இருந்த வரி வருமானம் 2022இல் 8 சதவீதத்துக்கும் கீழே போனது. இலங்கை குறைவாகத்தான் வரி வசூலிக்கிறது. கேள்வி யாரிடம் என்பதுதான். 2019 டிசம்பரில் வருமான வரியின் உச்ச வீதம் 24இலிருந்து 18 ஆக இறக்கப்பட்டது. வருடத்துக்கு முப்பது லட்சம் ரூபா வரை வருமானம் உள்ளவர் வரிக்கு வெளியே விடப்பட்டார். சம்பளத்திலிருந்து வரி கழிப்பது நிறுத்தப்பட்டது. அந்தப் பள்ளத்தைப் பிறகு நிரப்பியதில் பெரும்பங்கு 8இலிருந்து 12, 15, 18 என்று ஏறிய வற் வரியின் தலையில் விழுந்தது. கண்டி ஏரியைப் பார்த்த மலைச்சரிவில் மாளிகை வைத்திருப்பவரும் லயத்து அறையில் இருப்பவரும் சவர்க்காரத்துக்குக் கொடுக்கும் வரி ஒன்றே. அவருக்கு அது வருமானத்தில் தெரியாத துளி, இவருக்கு மாதச் செலவில் உணரக்கூடிய பாரம். சப்பாத்துக்கும் நாப்கினுக்கும் துறைமுகத்தில் வரி விதித்துவிட்டு, சிறிய பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு 3,000 ரூபா பாதணி வவுச்சரும் மாணவியருக்கு நாப்கின் வவுச்சரும் அரசு கொடுக்கிறது. கொடுப்பது நல்லதுதான். ஆனால் ஒரு கையால் எல்லோரிடமும் வாங்கி மறு கையால் சிலருக்குக் கொடுக்கும்போது, வவுச்சர் கிடைக்காத அக்காவும் அம்மாவும் முழு விலையைத் தொடர்ந்து கட்டுகிறார்கள்.

உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்ற வேண்டாமா என்பது கடைசி மறுப்பு. இதில் வரியையும் காவலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இறக்குமதிப் பொருளுக்கும் உள்ளூர்ப் பொருளுக்கும் ஒரேயளவு விழும் வற் வரி அரசுக்கு வருமானம். செஸ் இறக்குமதிப் பொருளுக்கு விழுகிறது, இங்கே விற்கும் உள்ளூர்ப் பொருளுக்கு விழுவதில்லை. அது எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு உள்ளூர் உற்பத்தியாளரும் விலையை உயர்த்தலாம். அந்த உயர்வு அரசுக்குப் போவதில்லை, அவருக்கே போகிறது. ஏற்றுமதியை வளர்ப்பதற்காக 1979இல் வந்த சட்டத்தின் கீழ் பிறந்த இந்த வரி, 2004க்குப் பிறகு விரிந்து பரந்து உள்நாட்டுச் சந்தையை மூடும் கதவாக மாறியது. 2000இல் உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 39 சதவீதமாக இருந்த ஏற்றுமதி 2010இல் 20ஐ ஒட்டிக் கீழிறங்கியதற்குப் போரும் உலகச் சந்தையும் உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் உள்ளூரில் போட்டியில்லாமல் இரட்டை விலைக்கு விற்க முடிகிறவர், வெளிநாட்டில் போட்டி போட்டு விற்க ஏன் சிரமப்படப் போகிறார்? இதற்கு நேர் எதிரான உதாரணம் கண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பல்லேகலைக் கைத்தொழில் வலயத்தைப் போன்ற இடங்களில் தைக்கும் ஆடைத் தொழில், துணியையும் நூலையும் தீர்வையில்லாமல் இறக்கி, உலகத்தோடு மோதி வளர்ந்தது. காவல் கேட்காமல் லட்சக்கணக்கானோருக்கு வேலை தந்தது. ஏற்றுமதியில் மிஞ்சிய உடைகள் கண்டித் தெருக்களில் மலிவாக விற்பது இதன் உப பயன். இந்த நகரத்தில் வெளிநாட்டு விலைக்கும் கீழே கிடைக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று.

இந்த விலைவாசியிலிருந்து தப்பிக்க வழி உள்ளவர்கள் தப்பித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வசதியுள்ள கண்டிக் குடும்பங்கள் கல்யாணப் புடவைக்குச் சென்னை தியாகராய நகருக்குப் போகின்றன. புடவை மிச்சத்தில் விமானச் செலவு தேறிவிடும் என்று கணக்குச் சொல்கின்றன. கைத்தொலைபேசியும் வாசனைத் திரவியமும் துபாய் பெட்டியில் வருகின்றன. விமானச் சீட்டு வாங்க முடிகிறவருக்கு இந்த வரி விருப்ப வரி, வாங்க முடியாதவருக்குக் கட்டாய வரி. சர்வதேச நாணய நிதியத்துடன் 2023இல் தொடங்கிய திட்டத்தில் செஸ்ஸையும் துறைமுக வரியையும் படிப்படியாக விலக்கும் பேச்சு இருக்கிறது. அது நடக்கும்போது எதிலிருந்து தொடங்குவது என்பதில் பெரிய இழுபறி வரும். காரை முதலில் மலிவாக்கச் சொல்லிக் கேட்கும் குரல்கள் வலுவானவை, படித்தவை, பத்திரிகையில் இடம் பிடிப்பவை. நாப்கின், பாடசாலைச் சப்பாத்து, பிள்ளைகளின் உணவு, லயத்து அறையை விட்டு ஏழு பேர்ச் நிலத்தில் வீடு கட்டுகிறவருக்கு வேண்டிய ஓடும் குழாயும் கதவுப் பூட்டும் முதலில் வர வேண்டும். அவற்றின் செஸ்ஸைத் திகதி குறித்து நீக்க வேண்டும். இழக்கும் வருமானத்தை மலைச்சரிவு மாளிகைகளின் சொத்து வரியிலும் சரியாக வசூலிக்கப்படும் வருமான வரியிலும் தேட வேண்டும். இறக்குமதிக்குப் புதியவர்கள் நுழைய வழி விட்டு, 2003இல் கைவிட்ட ஏகபோக விசாரணை அதிகாரத்தை மீண்டும் சட்டமாக்க வேண்டும். காருக்கான வரி இன்னும் சில வருடம் அப்படியே இருக்கலாம்.